கறுப்புத் துணியில் இருவாட்சி: பத்து ஸ்கிரீன் கேட்ட படம் ஆறில் முடிந்த விதம்

பின்னணி

திருப்பூரில் ஜாப் ஒர்க்குக்கு மட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து தரும் ஒரு நடுத்தர யூனிட். ஸ்கிரீன் என்பது ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய சல்லடைத் துணி, கலருக்கு ஒன்று, படம் இருக்கும் இடத்தில் மட்டும் அதன் வழியே மை இறங்கும். எட்டு ஹெட் (ஒரு ஸ்கிரீனோ காய வைக்கும் ஹீட்டரோ பொருத்தும் இடம்) உள்ள ரவுண்டு ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்று, அதற்குப் பின்னால் நீளமாகப் பழைய டேபிள்கள். வழக்கமாக வருவதெல்லாம் எழுத்து, லோகோ, இரண்டு மூன்று கலரில் கார்ட்டூன் மாதிரியான வேலைகள், அதில் கைதேர்ந்தவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை, விலங்குகளை வரைந்து டி-ஷர்ட் போடுகிற கோவையின் ஒரு சின்ன பிராண்டு இவர்களிடம் ஒரு ஆர்டர் கொடுத்தது. 1,200 பீஸ், கறுப்பு, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி, முழுக் காட்டன். வெட்டிய முன்பக்க பீஸில் பிரிண்ட் ஆகி, அப்புறம்தான் தையலுக்குப் போகும்.

படம் ஒரு பெரிய இருவாட்சி. வாட்டர்கலரில் வரைந்தது, அழகான படம், பிரிண்டருக்குப் பொல்லாத படம். மஞ்சள் அலகு நுனிக்குப் போகப் போக ஆரஞ்சாகும். கழுத்து வெள்ளை, ஆனால் அந்தப் பறவை தன் எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து இறகில் பூசிக்கொள்வதால் அந்த வெள்ளையில் ஒரு மஞ்சள் கறை ஏறியிருக்கும், அதையும் ஓவியர் விடவில்லை. பின்னால் பாசி பிடித்த மரம், அதற்கும் பின்னால் மஞ்சு மூடிய காடு. கண் சிவப்பு. ஆண் பறவைக்குத்தான் சிவப்புக் கண், பெண்ணுக்கு வெளிறிய கண், அதனால் "கண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள்" என்று பிராண்டுக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

செபரேஷன் செய்து கொடுப்பது என் தொழில், அதாவது படத்தைக் கலர் கலராகப் பிரித்து, ஸ்கிரீன் செய்யத் தேவையான பில்ம் கலருக்கு ஒன்றாகத் தயார் செய்வது. முதல் சாம்பிள் திரும்பி வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் நடந்ததாக இங்கே எழுதுவது யூனிட்காரர்கள் சொன்னதும், மேஜையில் கிடந்த பில்மையும் பீஸையும் பார்த்து நான் புரிந்துகொண்டதும்தான்.

முதல் சாம்பிளில் கண்டவை

யூனிட்டின் வழக்கமான டிசைனர் படத்தை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலாகப் பிரித்து, அடியில் ஒரு பேஸ் ஒயிட் போட்டு ஐந்து ஸ்கிரீனில் முடித்திருந்தார். காகிதத்தில் அச்சடிப்பவர்கள் செய்வது அதுதான், வெள்ளைத் துணியிலும் ஓரளவு நடக்கும். கறுப்புத் துணியில் மூன்று இடத்தில் இடித்தது.

முதலாவது, அடியில் போட்ட வெள்ளை. பறவையும் மரமும் மஞ்சும் இருக்கிற பரப்பு முழுக்க 100 சதவீத வெள்ளையை நிரப்பி, அதன் மேல் கறுப்பு மையால் மறுபடி இருட்டைக் கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள். துணியே கறுப்பாக இருக்கும்போது அதை வெள்ளையால் மூடிவிட்டு மேலே கறுப்பு அடிப்பது வீண் வேலை. அந்தக் கறுப்பு துணியின் கறுப்போடு சேரவும் சேராது. இறக்கை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு மாதிரி தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் நெஞ்சில் ரெக்சின் ஒட்டின மாதிரி இருந்தது.

இரண்டாவது, நுணுக்கம் காணாமல் போயிருந்தது. பேஸ் ஒயிட்டை 61T மெஷ்ஷில் (மெஷ் என்பது ஸ்கிரீனின் சல்லடைத் துணி) போட்டிருந்தார்கள், ஹாஃப்டோன், அதாவது நிறத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சின்னப் புள்ளிகள், அங்குலத்துக்கு 55 வரிசை. 61T என்றால் சென்டிமீட்டருக்கு 61 நூல், அங்குலத்துக்கு சுமார் 155, அதாவது ஒரு வரிசைப் புள்ளிக்கு மூன்று நூல்கூட இல்லை. நாலு முதல் ஐந்து நூலாவது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 3 சதவீதப் புள்ளி (தன் கட்டத்தில் 3 சதவீதப் பரப்பை மட்டும் மூடுவது) ஒன்றின் குறுக்களவு இந்த வரிசையில் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். 61T மெஷ்ஷில் ஒரு நூலின் நடுவிலிருந்து அடுத்த நூலின் நடுவுக்கு 0.16 மில்லிமீட்டர். புள்ளி நூல் மேல் விழுந்தால் அங்கே மை இறங்க வழியே இல்லை, சந்து மேல் விழுந்தால் இறங்கும். அதனால் கழுத்து இறகு சில இடத்தில் திட்டுத் திட்டாகவும், மஞ்சுப் பகுதியில் சேலை மடிப்பில் தெரிவது போன்ற அலைக்கோடுகளாகவும் வந்திருந்தது. அந்த அலைதான் மொய்ரே.

மூன்றாவது, பில்ம். லேசர் பிரிண்டரில் பட்டர் பேப்பரில் எடுத்தது. பெரிய எழுத்துக்கு அது போதும், செலவும் குறைவு. ஆனால் லேசர் பிரிண்டரின் சூட்டில் அந்தப் பேப்பர் சுருங்கும், ஒவ்வொரு தாளும் கொஞ்சம் வேறு மாதிரி சுருங்கும். ஐந்து பில்மை ஒன்றன் மேல் ஒன்றாக லைட் டேபிளில் வைத்து மேல் ரெஜிஸ்டர் குறியை (கலர்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழுவதற்கான அடையாளம்) சேர்த்தால் கீழ்க்குறி சேரவில்லை. அதோடு டோனரின் கறுப்பு அடர்த்தியும் போதாது, எக்ஸ்போஸ் பண்ணும்போது (ஸ்கிரீனில் பூசிய மருந்தை பில்ம் வழியே வெளிச்சம் காட்டி இறுக வைப்பது) வெளிச்சம் கசிந்து சின்னப் புள்ளிகள் இறுகிவிடுகின்றன, கழுவும்போது திறப்பதில்லை. மெஷின் மாஸ்டர் இரண்டு நாளாக ரெஜிஸ்டர் நாப்பைத் திருகிக்கொண்டு இருந்திருக்கிறார், பாவம், அவர் கையில் தப்பே இல்லை.

பிராண்டின் ஓவியர் சாம்பிளைப் பார்த்துவிட்டு, கலர் குறைவாகப் போட்டதால்தான் இப்படி என்று முடிவு கட்டி ஒரு பட்டியல் அனுப்பினார்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, இளம்பச்சை, கரும்பச்சை, பிரவுன், சாம்பல், நீலம், மேலும் இரண்டு வெள்ளை. மொத்தம் பத்து ஸ்கிரீன்.

எத்தனை கலருக்கு இடம் இருந்தது

எட்டு ஹெட் மெஷின் என்றால் எட்டு கலர் என்று வெளியில் நினைக்கிறார்கள். கறுப்புத் துணியில் அப்படி வராது. முதல் ஹெட்டில் பேஸ் ஒயிட், இரண்டாவதில் அதைக் காய வைக்கும் பிளாஷ், மூன்றாவதைச் சும்மா விட்டு ஆற வைக்க வேண்டும், இல்லையென்றால் சூடான பேஸின் மேல் அடுத்த ஸ்கிரீன் இறங்கி மை மெஷ்ஷுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். கடைசி ஹெட் ஹைலைட் ஒயிட்டுக்கு, அதாவது மிகப் பளிச்சென்று தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் விழும் இரண்டாவது வெள்ளைக்கு. நடுவில் மிச்சம் நாலு. ஆக நாலு கலர், இரண்டு வெள்ளை, ஆறு ஸ்கிரீன்.

டேபிளில் ஓட்டலாமா என்ற பேச்சும் வந்தது. டேபிளில் எத்தனை கலரும் போடலாம், ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் இருந்தால் போதும். ஓனர் ஒரே வரியில் மறுத்தார்: "பத்து கலர டேபிள்ல வெச்சு இந்தப் புள்ளிய ஒண்ணுக்கு மேல ஒண்ணு உக்கார வெக்கிறதுக்குள்ள எங்களுக்குத் தீவாளி வந்துருமுங்க." அது சரிதான். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் புள்ளிகளைக் கையால் தூக்கி வைக்கும் ஸ்கிரீனில் 1,200 பீஸுக்கும் ஒரே மாதிரி விழ வைப்பது நடக்கிற காரியம் இல்லை. டிடிஎஃப் (படத்தைத் தனி பில்மில் அச்சடித்து, சூடு வைத்துத் துணிக்கு மாற்றுவது) ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார், பெரிய படத்துக்கு அது மறுபடி ரெக்சின்தான் என்று பிராண்டுக்காரரே வேண்டாம் என்றுவிட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஓவியரின் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது முதலில் செய்தது, அதில் எவையெல்லாம் "இன்னொன்றின் இருட்டு" என்று பார்த்தது. கரும்பச்சை என்பது பச்சையின் கீழே வெள்ளை குறைந்தால் வருவது. அடியில் வெள்ளைப் புள்ளி 100 சதவீதம் என்றால் மேலே விழும் பச்சை பளிச்சென்று இருக்கும், 30 சதவீதம் என்றால் புள்ளிகளுக்கு இடையில் கறுப்புத் துணி எட்டிப் பார்த்து அதே மை கரும்பச்சையாகத் தெரியும். சாம்பலுக்கும் தனி மை தேவையில்லை. கறுப்புத் துணியில் பாதி அடர்த்தியில் வெள்ளைப் புள்ளி போட்டாலே கண்ணுக்கு அது சாம்பல். இந்தப் படத்தில் மஞ்சு முழுக்க அதுதான். ஆக சாம்பலும் கரும்பச்சையும் பட்டியலிலிருந்து போயின, துணியின் கறுப்பும் பேஸ் ஒயிட்டும் அவற்றைச் சும்மாவே தரும்.

அடுத்து கலப்பு. ஆரஞ்சு என்பது மஞ்சள் மேல் சிவப்புப் புள்ளி. இளம்பச்சைக்கு மஞ்சளும் நீலப்பச்சையும் போதும். காட்டின் நீலத்துக்கும் பாசியின் பச்சைக்கும் பொதுவாக மயில் கழுத்து நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலப்பச்சையைப் பிடித்தால் ஒரு ஸ்கிரீன் மிச்சமாகும்.

இழுபறி வந்தது சிவப்புக்கும் பிரவுனுக்கும். கண்ணுக்கு மட்டும் சிவப்பு, ஒரு கடுகளவு இடம், அதற்கு ஒரு ஸ்கிரீனா என்று மாஸ்டர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் அதே சிவப்புதான் அலகு நுனியின் ஆரஞ்சுக்கும் மரப்பட்டையின் சூட்டுக்கும் போகிறது. ஒரு கலர் படத்தில் எத்தனை இடத்தில் உழைக்கிறது என்பதை வைத்துத்தான் அதற்கு ஹெட் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து, அந்தக் கணக்கில் சிவப்பு சுலபமாகத் தேறியது. பிரவுனை சிவப்பு, மஞ்சள், நீலப்பச்சை மூன்றையும் சேர்த்தே எடுக்கலாம் என்று முதலில் பிரித்துப் பார்த்தேன். திரையில் வந்தது. ஆனால் மரம் படத்தில் மூன்றில் ஒரு பங்கு, அத்தனை இடத்திலும் மூன்று நிறப் புள்ளிகள் நெரிசலாக நின்றால், மை ஒரு சொட்டு கூடிக் குறைந்தாலும் மரம் ஒரு பீஸில் பச்சையாகவும் அடுத்ததில் சிவப்பாகவும் சாயும். அதனால் வெளிர் பிரவுன் ஒன்றைத் தனி மையாக வைத்து, மஞ்சள், சிவப்பு, நீலப்பச்சை, வெளிர் பிரவுன் என்று நாலை முடித்தோம். கறுப்பு மை கிடையாது.

புள்ளி முறையிலும் ஒரு தேர்வு இருந்தது. இண்டெக்ஸ் என்று ஒரு வழி உண்டு. ஹாஃப்டோனில் புள்ளி பெரிதும் சிறிதுமாக வரும், இண்டெக்ஸில் எல்லாம் ஒரே அளவுச் சதுரம், ஒவ்வொரு சதுரமும் ஒரே ஒரு நிறம், கோணம் கிடையாது, அதனால் மொய்ரே தலைவலி குறைவு. அலகுக்கும் மரப்பட்டைக்கும் அது பிரமாதமாக இருந்தது. மஞ்சில்தான் மணல் தூவினது போல ஆகிவிட்டது. மெல்ல மாறும் நிறத்துக்கு இண்டெக்ஸில் கலர் எண்ணிக்கை கூட வேண்டும், நம்மிடம் இருப்பது நாலு. ஆகவே ஹாஃப்டோன், 50 வரிசை, எல்லா ஸ்கிரீனுக்கும் ஒரே 22.5 டிகிரி கோணம், நீள்வட்டப் புள்ளி. காகித அச்சில் ஒவ்வொரு கலருக்கும் ஒவ்வொரு கோணம் கொடுப்பார்கள். இப்படித் தனி மைகளாகப் பிரிக்கும் வேலைக்கு ஒரே கோணமே நன்றாக ஓடுகிறது.

மெஷ்: பேஸ் ஒயிட்டுக்கு 90T, மற்றதுக்கெல்லாம் 120T. இதில் மாஸ்டருக்கு உடன்பாடு இல்லை. "90ல போட்டா வெள்ளை ஏறாதுங்க, கலர் செத்துரும்" என்றார். அவர் பயம் அனுபவத்தில் வந்தது, மெஷ் நெருக்கமானால் மை குறைவாகத்தான் இறங்கும். அதனால் வெள்ளையை இரண்டு ஸ்ட்ரோக் அடிப்பது, ஃப்ரேம் தொய்வில்லாமல் புதிதாக இழுத்துக் கட்டுவது என்று இரண்டு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பில்மை வெளியில் கொடுத்து, இன்க்ஜெட்டில், நல்ல அடர்த்தியான பில்மாக எடுத்தோம்.

இரண்டாவது சாம்பிள்

கலர் எதுவும் போடாமல் பேஸ் ஒயிட்டை மட்டும் ஒரு பீஸில் அடித்துக் காய வைத்துப் பார்த்தோம். நான் எந்த யூனிட்டுக்குப் போனாலும் பிடிவாதம் பிடிப்பது இதற்குத்தான். பேஸ் மட்டும் பார்த்தால் அது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ மாதிரி நிற்க வேண்டும், இறகு, பட்டை, மஞ்சு எல்லாம் அதிலேயே தெரிய வேண்டும். இங்கே பறவையும் மரமும் நின்றன, மஞ்சு மட்டும் எதிர்பார்த்ததைவிட வெளுத்து, பின்னணிக் காடு ஏறக்குறைய மறைந்திருந்தது.

காரணம் புள்ளி பெருப்பது. மை துணியில் பரவும், ஸ்க்வீஜி (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) அழுத்தும், இரண்டு ஸ்ட்ரோக் வேறு. 10, 20, 30 என்று படிப்படியாகப் போகும் ஒரு பட்டையையும் படத்தின் ஓரத்தில் வைத்திருந்தோம், லென்ஸில் பார்த்தால் 50 சதவீதக் கட்டம் 70 போல நிரம்பியிருந்தது, 85க்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. 3 சதவீதக் கட்டம் ஸ்கிரீனிலேயே திறக்கவில்லை. எனவே பேஸின் நடு அடர்த்திகளை பில்மிலேயே கீழே இழுத்தேன், 50 இருந்த இடம் ஏறக்குறைய 35 ஆனது. 5 சதவீதத்துக்குக் கீழே உள்ளதை ஒன்று 5 ஆக்கினேன், இல்லை சுத்தமாக எடுத்துவிட்டேன், அரைகுறையாகத் திறக்கும் புள்ளியைவிட இல்லாத புள்ளி மேல். கலர்களின் ஓரத்தில் வெள்ளை பிதுங்காமல் இருக்க பேஸை ஒரு மயிரிழை உள்வாங்கினோம். ஹைலைட் ஒயிட் விழும் இடங்களில், அதாவது அலகின் மேல்விளிம்பு, கழுத்தின் உச்சி, கண்ணில் ஒரு பொட்டு, அங்கெல்லாம் கீழே உள்ள கலர்களை வெட்டி எடுத்துவிட்டேன். நாலு ஈரக் கலர் மேல் கடைசியாக வெள்ளை விழுந்தால் அது அழுக்காகும், நேராகக் காய்ந்த பேஸ் மேல் விழுந்தால் பளிச்சென்று நிற்கும்.

கலர் வரிசையில் மாஸ்டர் சொன்னதே நடந்தது. நான் சிவப்பை முன்னால் போடலாம் என்று நினைத்திருந்தேன், அவர் மஞ்சள்தான் முதலில் என்றார். ஈரத்தின் மேல் ஈரம் ஓட்டும்போது பின்னால் வரும் ஸ்கிரீன் முன்னால் அடித்த மையைக் கீழிருந்து எடுத்துக்கொள்ளும். சிவப்பு ஸ்கிரீனில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டினால் யாருக்கும் தெரியாது, மஞ்சள் ஸ்கிரீனில் சிவப்பு ஒட்டினால் நூறு பீஸுக்குள் மஞ்சள் ஆரஞ்சாகிவிடும். மஞ்சள், வெளிர் பிரவுன், சிவப்பு, நீலப்பச்சை, கடைசியில் வெள்ளை என்று ஓடியது.

அந்த சாம்பிளுக்கு அப்ரூவல் வந்தது. ஓவியர் ஒரே ஒரு குறை சொன்னார், மஞ்சு அவர் வரைந்ததைவிடக் குளிர்ச்சி குறைவாக இருக்கிறதென்று. உண்மைதான். தனி நீலம் இல்லாததன் விலை அது.

ஓட்டத்தில் நடந்தது

முதல் முந்நூறு பீஸ் வரை சிக்கல் இல்லை. அதற்கு மேல் காட்டுப் பகுதி மெல்ல இருண்டது, ஒரு பீஸையும் அடுத்ததையும் வைத்துப் பார்த்தால் தெரியாது, அப்ரூவல் பீஸின் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். நீலப்பச்சை ஸ்கிரீனின் அடியில் மற்ற மைகள் படிந்து தடித்திருந்தன. ஐம்பது பீஸுக்கு ஒருமுறை அந்த ஸ்கிரீனின் அடியைத் துடைப்பது என்று வைத்தார்கள், ஓட்டம் கொஞ்சம் குறைந்தது, நிறம் நின்றது.

இன்னொன்று பெரியது. மதியம் எடுத்த ஒரு பீஸை வாஷ் டெஸ்டுக்குப் போட்டதில் அலகின் மேல் மஞ்சள் சின்னச் சின்னச் செதிலாகக் கிளம்பியது, காலையில் எடுத்ததில் ஒன்றும் இல்லை. ஒரே மை, ஒரே டிரையர், 160 டிகிரிக்கே வைத்திருந்தது. கடைசியில் பிளாஷ்தான் காரணம் என்று பிடிபட்டது. காலையில் பேலட் (பீஸை விரித்து வைக்கும் மெஷின் பலகை) குளிர்ந்திருக்கும்போது வைத்த பிளாஷ் நேரத்தையே நாள் முழுக்க விட்டிருக்கிறார்கள். ஓட ஓட பேலட் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், மதியம் அதே நேரத்துக்கு பேஸ் ஒயிட் தொட்டால் ஒட்டாத பதத்தைத் தாண்டி முழுசாக வெந்துவிடுகிறது. வெந்த பிளாஸ்டிசால் (சூட்டில்தான் இறுகும் இந்த வகை மை) மேல் அடுத்த பிளாஸ்டிசால் பிடிக்காது. பிளாஷ் நேரத்தை இறக்கி, விரலால் தொட்டுப் பார்த்து ஒட்டாமல் வந்தால் போதும் என்று வைத்து, மணிக்கு ஒருமுறை சரிபார்க்க ஒரு பையனை நிறுத்தினார்கள். மதியம் ஓடின பீஸ்களைத் தனியாக எடுத்து வைத்து ஒவ்வொரு கட்டிலிருந்தும் துவைத்துப் பார்த்ததில் ஒரு பகுதியைத் தள்ள வேண்டியிருந்தது. அந்தத் துணியை மறுபடி வெட்டித் தர பிராண்டுக்காரர் ஒத்துக்கொண்டார், பிரிண்டிங் செலவு யூனிட்டின் தலையில்.

விளைவு

தேதி நாலு நாள் தள்ளிப் போனது, 1,200 பீஸும் போய்ச் சேர்ந்தன. கையில் எடுத்தால் மரப்பகுதி கொஞ்சம் கனமாக, மஞ்சுப் பகுதி ஏறக்குறைய வெறும் துணியாகவே இருந்தது, புள்ளிகளுக்கு இடையில் துணி மூச்சு விடுவதால். இறக்கையில் மையே இல்லை, அது துணிதான், ஓரத்தில் ஒரு மெல்லிய சாம்பல் கோடு மட்டும் வடிவத்தைக் காட்டியது. பத்து கலர் கேட்ட ஓவியருக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

பிடிக்காத ஒன்றும் பின்னால் வந்தது. சில முறை துவைத்த பிறகு மஞ்சுப் பகுதி லேசாக மங்குகிறது என்று பிராண்டுக்காரர் பீஸைக் கொண்டுவந்து காட்டினார். மை போகவில்லை. துணியின் கறுப்பு நூல் பஞ்சு எழும்பி மெல்லிய வெள்ளைப் புள்ளிகளுக்கு மேலே வந்து நிற்கிறது. பேஸ் தடிமனாக இருந்தால் பஞ்சை அமுக்கி வைத்திருக்கும், நாம் வேண்டுமென்றே மெல்லியதாக்கிய இடத்தில் அந்தப் பிடி கிடையாது.

மாற்ற வேண்டியவை

துணி விஷயம்தான் முதலில். இந்த மாதிரி வேலைக்கு கோம்ப்டு நூலில் (குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூல்), பயோ வாஷ் (மேலே எழும் பஞ்சை என்சைமால் நீக்குவது) செய்த துணியாகவே கேட்க வேண்டும், பஞ்சு எழும்புவது அதில் வெகுவாகக் குறையும். இந்த ஆர்டரில் துணி ஏற்கெனவே வெட்டி வந்துவிட்டது, பேச இடமில்லை. சாம்பிள் அப்ரூவலுக்கு முன்னால் ஒரு முறை துவைத்துப் பார்ப்பதோடு நிற்காமல், ஐந்தாறு முறை துவைத்த பீஸையும் பையருக்குக் காட்டிவிட வேண்டும்.

ரேட் பேசும்போது ஹெட் எண்ணிக்கையையும் கலர் எண்ணிக்கையையும் ஆரம்பத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டால் பாதி வாக்குவாதம் இல்லை. திருப்பூரில் கலருக்கு இவ்வளவு என்றுதான் பீஸ் ரேட் போடுகிறார்கள். இதில் நாலு கலர் என்று பில் போட்டால் பேஸும் ஹைலைட்டும் பிளாஷும் யார் கணக்கு? கலரைக் குறைக்கிறவனுக்குக் காசும் குறைகிறது, உழைப்பு கூடுகிறது. யூனிட் இப்போது ஸ்கிரீனுக்கு இவ்வளவு, பிளாஷுக்கு இவ்வளவு என்று கொட்டேஷன் கொடுக்கிறது. எல்லாப் பையரும் ஒத்துக்கொள்வதில்லை.

பேலட் சூட்டுக்கு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி மெஷினிலேயே கட்டிவிட்டார்கள். 90T ஃப்ரேம்கள் பேஸ் ஒயிட்டுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பட்டர் பேப்பர் இன்னும் போகவில்லை, எழுத்து வேலைக்கு அதையேதான் ஓட்டுகிறார்கள், அதில் தப்பும் இல்லை.

அதே பிராண்டு அடுத்ததாக மலை அணில் கொடுத்திருக்கிறது. அதில் பறவை மாதிரி கறுப்பு உதவாது, உடம்பெல்லாம் செம்பழுப்பு, வால் நீளத்துக்கும் நிறம் மாறுகிறது. நீலப்பச்சையை எடுத்துவிட்டு அந்த ஹெட்டில் அடர்ந்த மெரூன் வைக்கலாம் என்பது என் கணக்கு. வேண்டாம், பேஸைக் குறைத்தே மெரூனை எடுத்துவிடலாம் என்கிறார் மாஸ்டர். 90T வேண்டாம் என்றவர் அவர்தான். பேஸ் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருக்கிறோம்.